ஆண்குறிக் கட்டி: "எந்த லேயர்?" என்ற கேள்விக்குத் தயாராகுங்கள்

எம்.சிஎச். யூராலஜி (சிறுநீரியல் அறுவை உயர்படிப்பு) செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த ஷார்ட் கேஸ் (சுருக்கமாகச் சோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி), ஆண்குறியின் முதுகுப் பக்கத்தில், அதாவது மேற்புறத்தில், வலியில்லாத ஒரு கட்டி. தொட்டால் கெட்டியாக இருந்தது. அவசரப்பட்டு பெய்ரோனி நோய் (ஆண்குறிக்குள் தழும்புத் திசு கெட்டியாவது) என்று சொல்லிவிட்டேன். எக்ஸாமினர் கேட்டது ஒன்றுதான்: "எந்த லேயர்ல இருக்குப்பா?" கட்டிக்கு மேல் தோல் நகர்கிறதா என்றுகூட நான் பார்த்திருக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், கட்டிகளின் பட்டியலை மனப்பாடம் செய்யும் முன் அடுக்குகளை வரைந்து பழகுங்கள். வெளியிலிருந்து தோல், டார்ட்டோஸ் (தோலடி மெல்லிய தசைப்படலம்), பக்ஸ் ஃபேசியா (அதற்கடுத்த உறை), ட்யூனிகா அல்புஜீனியா (விறைப்புத் திசுவைச் சுற்றிய தடித்த உறை), உள்ளே கார்ப்போரா (ரத்தம் நிறைந்து விறைக்கும் திசு). முதுகுப்புற நரம்பும் ரத்தக்குழாய்களும் பக்ஸ் ஃபேசியாவுக்கும் ட்யூனிகாவுக்கும் நடுவே ஓடுகின்றன. ஷ்வானோமா (நரம்புறையில் வரும், பொதுவாகப் புற்றல்லாத கட்டி) ஏன் பெரும்பாலும் முதுகுப் பக்கம் வருகிறது என்பது இப்போது தானாகவே விளங்கும்.

ஆண்குறிப் புற்றில் 95 சதவீதத்துக்கு மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமாதான். அது மேல்தோலில் பிறப்பது. புண்ணாகவோ பூக்கோசு போலவோ வெளியே தெரியும். தோல் கெடாமல் அடியில் மட்டும் கட்டி இருந்தால் மென்திசுக் கட்டியை (தசை, நரம்பு, ரத்தக்குழாய் போன்றவற்றில் பிறப்பது) நினையுங்கள். பெய்ரோனி என்றால் விறைக்கும்போது வளைவு உண்டா, ஆரம்பத்தில் வலித்ததா என்று கேட்டாக வேண்டும். எபிதீலியாய்டு சார்கோமா (சார்கோமா என்பது மென்திசுப் புற்று; அதில் ஒரு வகை) அப்படியே பெய்ரோனி போல நடிக்கும். கட்டி வளர்ந்துகொண்டே போனால் பயாப்ஸி எடுங்கள். பயாப்ஸித் திசுவில் ஐஎன்ஐ-1 என்ற புரதத்துக்கான சாயம் ஏறாமல் போவது எபிதீலியாய்டு சார்கோமாவுக்குப் பெரிய துப்பு. ஷ்வானோமாவில் எஸ்-100 புரதச் சாயம் ஏறும், மென்தசைப் புற்றான லியோமயோசார்கோமாவில் டெஸ்மின் சாயம்.

எம்.ஆர்.ஐ.யை அல்ப்ரோஸ்டடில் ஊசி போட்டு விறைப்பு நிலையில் எடுத்தால் ட்யூனிகா தாண்டியிருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். இதைச் சொன்னால் எக்ஸாமினர் முகம் மலரும்.

அறுவையில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரணக் கட்டி என்று நினைத்து சார்கோமாவைத் தோண்டி எடுத்தால் அந்தத் தளம் முழுக்கப் புற்றணுக்கள் சிந்திவிடும். ஆகவே முதலில் கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுப்பது), அதுவும் பின்னால் வெட்டி எடுக்கப்போகும் பகுதி வழியாகவே. ஷ்வானோமா என்றால் நரம்பிழைகளைக் காத்துக் கட்டியை மட்டும் உரித்தெடுக்கலாம். லியோமயோசார்கோமா தோலடியில் நின்றால் சுற்றிலும் நல்ல திசுவோடு அகல வெட்டு. கார்ப்போராவில் பிறந்தது என்றால் பெரும்பாலும் முழு ஆண்குறி நீக்கம், பெரினியல் யூரித்ரோஸ்டமி (விதைப்பைக்குப் பின்னால் சிறுநீருக்குப் புது வழி அமைப்பது). லியோமயோசார்கோமா முக்கியமாக ரத்தம் வழியாகப் பரவுவதால் நெஞ்சு சி.டி. அவசியம்; தொடையிடுக்கு நிணக்கணுக்களை முன்னெச்சரிக்கையாக எடுப்பதில்லை. நிணக்கணு வழியாகப் பரவும் கார்சினோமாவின் பாடத்தை இங்கே ஒப்பிக்காதீர்கள்.

கபோசி சார்கோமா (எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம் வரும் ரத்தக்குழாய்ப் புற்று) என்று தோன்றினால் கத்திக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை. புராஸ்டேட், சிறுநீர்ப்பைப் புற்று ஏற்கெனவே இருந்ததா என்பதையும் விடாமல் கேளுங்கள். அங்கிருந்து பரவியதாகவும் இருக்கலாம்.

கடைசியாக என்னிடம் கேட்டது: "ஆபரேஷனுக்கு முன்னாடி இவர்கிட்ட என்ன சொல்லுவே?" நின்றபடி சிறுநீர் கழிக்க முடியுமா, தாம்பத்தியம் என்னாகும், இனி குழந்தை வேண்டுமா என்பதை நோயாளி விரும்பினால் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவேன் என்றேன். அந்த ஒரு பதிலுக்குத்தான் அன்று எக்ஸாமினர் தலையசைத்தார்.