தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ஈசன்

தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலில் கும்பிட்டுவிட்டு, அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்துக்கும் போய்விடுவேன். டிக்கெட் வாங்கித்தான் நுழைய வேண்டும், தீபாராதனை கிடையாது. ஆனாலும் அங்கே நிற்பவர்கள் நம் சாமிகள்.

இந்தக் கூடம் 1951-ல் உருவானதே ஊர்க்காரர்களின் பிடிவாதத்தால்தான். தாராசுரம் கோயிலின் பிட்சாடனரையும் (பிச்சையேற்கும் கோலத்துச் சிவன்), அவரைக் கண்டு மயங்கி நிற்கும் தாருகாவனத்து ரிஷிபத்தினிகளையும் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக ஒரு கலை அன்பர் விரும்பினாராம். மக்கள் விடவில்லை. அப்போதைய கலெக்டர் டி.கே. பழனியப்பன் முயற்சி எடுத்து, சிலைகளை அரண்மனைக்குக் கொண்டுவரச் செய்தார். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்த மூர்த்திகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

செப்புத் திருமேனிகளில் என்னை நகரவிடாமல் நிறுத்துபவர் திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையை வாகனமாகக் கொண்ட சிவன். ராஜராஜ சோழன் காலத்தில், 1011-ல் வார்த்தது. மறுவருஷம் அம்பாளையும் செய்து வைத்திருக்கிறார்கள். பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் இருந்துவிட்டு, கலைக்கூடம் தொடங்கிய அதே காலத்தில்தான் இவர்கள் வெளியே வந்தார்கள். அதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாம்புகளையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காலை மாற்றி வைத்து, ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறார் சுவாமி. ஒரு கை ரிஷபத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். ரிஷபம் கிடைக்கவில்லை. ஆனால் கை மடங்கியிருக்கும் விதத்திலேயே அதன் உயரம், திமில் எல்லாம் மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. இதே ஊர் ஈசனைத்தான் சம்பந்தர் 'விடைகாட்டும் கொடியானே' என்று பாடினார்; விடை என்றால் ரிஷபம். அந்தப் பதிகத்தை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணசுந்தரரும் அதே ஊர்க்காரர்தான். கைத்தலம் பற்றும் நேரத்தில் அம்பாள் வெட்கத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறாள். நம் வீட்டுக் கல்யாணப் பெண்ணேதான்.

அபிஷேகமும் அலங்காரமும் கண்ட திருமேனிகள் விளக்குக்கூட இல்லாமல் நிற்பது எனக்கு வருத்தம்தான். கோயிலுக்கே திரும்ப வேண்டும் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று தாராசுரத்துச் சிலைகளைத் தடுத்து நிறுத்தாமல் போயிருந்தால், இன்று கல்கத்தாவுக்கு அல்லவா ரயில் ஏற வேண்டும்? பத்திரமாக, நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். அதற்கு அந்த மக்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

புதன் பரிகாரத்துக்காகத் திருவெண்காடு போகும் பலருக்கும் அந்த ஊர் மூர்த்திகள் இங்கே இருப்பது தெரிவதில்லை. அங்கே தரிசனம் முடித்த கையோடு தஞ்சாவூருக்கும் வாருங்கள். அவசரப்படாமல் அரைநாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.