இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்

2015 அக்டோபரில் அக்கா, மாமா, அவர்களுடைய 11 வயது மகள் மூவரும் வீட்டிலிருந்து காணாமல் போனார்கள். இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. இதே நிலையில் தவிக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் போன் தவறாமல் வரும். அன்று வரவில்லை. இரண்டு எண்ணும் சுவிட்ச் ஆஃப். மறுநாள் அம்மாவோடு போனேன். வாசலில் வண்டி நின்றது, கதவு பூட்டியிருந்தது. எங்களிடம் இருந்த சாவியால் திறந்தோம். அடுக்களையில் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி நுரைத்துப் புளித்திருந்தது, பக்கத்துக் கிண்ணத்தில் உளுந்து. அம்மாவால் அந்த வாடையைத் தாங்க முடியவில்லை. இரண்டையும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பத்து நாள் கழித்து கைரேகை எடுக்க வந்தவர், "இங்க எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. எப்போது ஊறப்போட்டார்கள், எப்போது வீட்டை விட்டுப் போனார்கள் என்று அந்த அரிசி ஏதாவது சொல்லியிருக்குமோ? இன்னும் உறுத்துகிறது. தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். வீடியோ எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஸ்டேஷனில், "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க, ரெண்டு நாள் பாருங்க" என்று, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காணாமல் போனது குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. வக்கீல் சொன்னபடி பாப்பா பெயரை முதலில் வைத்துப் புகாரை மாற்றி எழுதினோம். அன்று மாலையே எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது.

2016-ல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டோம். ஆட்கள் கிடைக்கவில்லை. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா போலீஸ் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்ததால், போன் அழைப்பு விவரமும் வங்கிக் கணக்கும் அப்போதுதான் ஒழுங்காக அலசப்பட்டன. தேடலைத் தொடரச் சொல்லி மனுவை முடித்துவைத்தார்கள்.

அடையாளம் தெரியாத உடல் என்று தகவல் வரும்போதெல்லாம் பிணவறைக்கு ஓடினோம். அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. டி.என்.ஏ. பரிசோதனைக்கு யாருடைய ரத்தம் வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தாய்வழி டி.என்.ஏ. என்று ஒன்று உண்டு. அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் அக்காவிடமிருந்து பாப்பாவுக்கும் அது அப்படியே போகும் என்பதால், எங்கள் அம்மாவின் ரத்தமே இருவருக்கும் உதவியது. மாமாவுக்கு அவர் தம்பி வந்து கொடுத்தார். மூன்று முறை ஒப்பிட்டார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா சாமி அறையில் விளக்கேற்றினார்.

ஏழு வருடம் கழித்து, 2023-ல் மூவரும் இறந்ததாக அறிவிக்கக் கோரி சிவில் வழக்கு. இந்தியச் சாட்சியச் சட்டம் பிரிவு 108-இன்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருடமாக எதுவுமே கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். (2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் இது பிரிவு 111.) எஃப்.ஐ.ஆர்., உயர் நீதிமன்ற உத்தரவு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று, பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றையும் தாக்கல் செய்தோம். வீட்டுக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை.

கூண்டில் ஏறியதும் வக்கீல் கேட்டார், "உங்க அக்கா உயிரோட இருந்தா யாருக்கு முதல்ல போன் பண்ணுவாங்க?" "எனக்குத்தான்" என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

சொத்துப் பேச்சு வந்தபோது வக்கீல் இன்னொரு பிரிவைக் காட்டினார். யார் முன்னால் இறந்தார் என்று தெரியாவிட்டால், வாரிசு உரிமைக்கு இளையவரே கடைசியில் இறந்ததாகக் கொள்ள வேண்டுமாம். இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 21. அதாவது பாப்பா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் தனியாக இருந்ததாகக் காகிதத்தில் எழுதப்போகிறார்கள் என்று நினைத்தபோது அந்த மனுவைக் கிழித்துவிடலாமா என்றிருந்தது. கையெழுத்துப் போட இரண்டு நாள் ஆயிற்று.

தீர்ப்பு நகலைக் கொண்டுவந்த அன்று அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ போலீஸ் தேடுறத விட்டுருவாங்களாடா?"

இது வெறும் அனுமானம்தான், அவர்கள் திரும்பி வந்தால் செல்லாது என்று சொன்னேன். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் மூவரின் போட்டோவையும் என் நம்பரையும் கொடுத்தேன். 2015-லிருந்து அதே நம்பர்தான்.