இகுவானா கூடு: உட்பக்கத்துக்கு பைபர் போட்ட கதை

கூட்டின் சட்டம் முடிந்துவிட்டது. ஆறடி உயரம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். உள்ளே வாழப்போவது பச்சை இகுவானா, மரமேறும் பெரிய பல்லி இனம். வாலோடு சேர்த்து ஐந்தடி, சிலது அதற்கு மேலும் வளரும். பார்க்கிறவர்கள் எல்லாம் உடும்பா என்று கேட்கிறார்கள். இல்லை. உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தால் குற்றம். இகுவானா வெளிநாட்டு இனம்தான், ஆனாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்கிறேன்.

இப்போது உட்பக்க வேலை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் பெய்யும், வடகிழக்கு மழையும் பெய்யும். மரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். கூட்டுக்குள்ளேயும் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதன் எச்சத்தில் வெள்ளையாகக் கிடப்பது யூரிக் அமிலம். மரத்தில் ஊறினால் நாற்றம் லேசில் போகாது. போதாததற்கு நகம்.

ஐஎஸ் 710 தர மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) துண்டுகளில் எனாமல், எபாக்ஸி பெயின்ட், மைக்கா, பைபர் (ரெசினில் நனைத்து இறுகவைக்கும் கண்ணாடி இழை மேட்) என்று ஒவ்வொன்றாகப் பூசியும் ஒட்டியும், கூடவே ஒரு பிவிசி போர்டுத் துண்டையும் வைத்துச் சோதித்தேன். ஆணியால் கீறுவது, வாளியில் ஊறப்போடுவது, மாடி வெயிலில் காயவைப்பது, மறுபடி ஊறப்போடுவது. எனாமல் கீறிய இடத்திலேயே உரிந்தது. எபாக்ஸி பரவாயில்லை, ஆனால் ஆழமாகக் கீறினால் அடியில் மரம் தெரிகிறது. பிவிசிக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கூட்டைச் சூடாக்கும் பல்புக்குப் பக்கத்தில் வளைகிறது.

என் கவனத்தைத் திருப்பியது மைக்கா துண்டுதான். மேற்பரப்பில் ஒரு கீறல் இல்லை. அறுத்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் பிளை உப்பி, மைக்காவுக்கும் மரத்துக்கும் நடுவில் கட்டைவிரல் நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன்: கூடு கெடுவது பரப்பில் இல்லை, இணைப்பில். தண்ணீர் தேங்குகிற கீழ்ப்பகுதியில் இணைப்பே இருக்கக் கூடாது.

அதற்கு பைபர்தான், தரையையும் சுவரையும் சேர்த்து ஒரே ஓடாகப் போடலாம். குளச்சல் பக்கம் வள்ளங்களுக்கு பைபர் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போய்க் கேட்டேன். அளவைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மக்கா, மூலைய உருட்டிட்டு மேட்ட போடு. கூரா இருந்தா அடியில காத்து நிக்கும்.” ரெசினில் டால்க் பவுடர் குழைத்து, எல்லா மூலையிலும் அப்பி, வளைந்த டப்பா மூடியால் வழித்தேன். அது இறுகிய பிறகு தரையிலும் சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்கும் இரண்டு அடுக்கு மேட். பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளை மேட் கண்ணாடி போலத் தெளிந்தால் ஊறிவிட்டது, வெள்ளையாகவே நின்றால் அங்கே காற்று. வெயில் ஏறினால் ரெசின் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும், அதனால் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் குறைத்து, காலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்ப்பது முக்கியம். இல்லையென்றால் காற்றுப்படும் பக்கம் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

மேலே சுவருக்கு மைக்கா போதும், ஓரங்களுக்கு எபாக்ஸி. இணைப்புக்கு பூஞ்சை மருந்து கலக்காத, மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கான். பல்புக்கு மேலே சிமென்ட் போர்டு, பல்பைச் சுற்றிக் கம்பிவலை. பின்சுவரில் பலர் போம் செதுக்கிப் பாறை மாதிரி செய்கிறார்கள். எனக்குப் பிடித்தமில்லை; நகம் பட்டால் பிய்யும், எச்சம் உள்ளே இறங்கும். அதனால் அயனி மரப் பலகைகளைத் திருகாணியில் மாட்டியிருக்கிறேன். கெட்டால் கழற்றி மாற்றிவிடலாம்.

ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் வடிகுழாய்ப் பக்கம் நன்றாக ஓடுகிறது, இடது மூலையில் மட்டும் கொஞ்சம் தேங்குகிறது. அங்கே புட்டி ஏற்ற வேண்டும். அப்புறம் கதவைத் திறந்து வைத்து, ரெசின் வாடை துளியும் இல்லாமல் போகும்வரை பேன் ஓடும். அதுவரை இகுவானா பழைய கூட்டில்தான்.