மாஸ்ஃபெட் திரும்பத் திரும்ப வெடிக்கிறதா? சிடியைப் பாருங்கள்

புதிதாகப் போட்ட மாஸ்ஃபெட் (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) மறுபடி வெடித்தால் “டூப்ளிகேட் சரக்கு” என்று பழி போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டுவதுதான் வழக்கம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஓடிய சார்ஜர், இன்வெர்ட்டர் போர்டு என்றால் அதற்கு முன் சிடியைப் பாருங்கள். மாஸ்ஃபெட் பக்கத்திலேயே சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும் எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டும் வகை) கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் அது; மாஸ்ஃபெட்டில் ஓடும் கரண்டை அளந்து ஐசிக்குச் சொல்வது அதன் வேலை.

கணக்கு எளிது. பிரைமரி ஒரே சுற்று, தடித்த செம்புப் பட்டை. செகண்டரி 100 சுற்று. பிரைமரியில் 10 ஆம்பியர் ஓடினால் செகண்டரியில் 100 மில்லிஆம்பியர். அதை வோல்டேஜாக மாற்றும் 10 ஓம் பர்டன் ரெசிஸ்டரில் 1 வோல்ட். மாஸ்ஃபெட்டை ஓட்டும் யூசி3842 ஐசியின் கரண்ட் பின்னில் பல்ஸை நிறுத்துவது இந்த 1 வோல்ட்தான். நேராக 0.1 ஓம் ரெசிஸ்டரில் அளந்தால் அதே 10 ஆம்பியருக்கு ஆன் நேரத்தில் 10 வாட் சூடு, சிடியில் 0.1 வாட். ஆனால் இந்த வகை சிடி 50 ஹெர்ட்ஸுக்கோ டிசிக்கோ உதவாது, பல பத்து கிலோஹெர்ட்ஸ் வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் ரீசெட்டில், அதாவது ஒவ்வொரு பல்ஸிலும் கோரில் (சிடிக்குள் இருக்கும் ஃபெரைட் காந்தக் கட்டியில்) ஏறும் காந்தம் அடுத்த பல்ஸுக்குள் இறங்குவதில். பர்டனில் 1 வோல்ட், செகண்டரிக்கும் பர்டனுக்கும் நடுவில் இருக்கும் டயோடில் 0.7, ஆக 1.7 வோல்ட்; ஆன் நேரம் 5 மைக்ரோசெகண்ட் என்றால் 8.5 வோல்ட்-மைக்ரோசெகண்ட். இதை ஆஃப் நேரத்துக்குள் கோர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். செகண்டரிக்குக் குறுக்கே இருக்கும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் அதற்குத்தான். அதை எடுத்துவிட்டு கையில் கிடைத்த 100 ஓமைப் போட்டால் கோர் முழுதாக ரீசெட் ஆகாது. பல்ஸுக்குப் பல்ஸ் காந்தம் ஏறி, கோர் சாச்சுரேட் ஆகும், அதாவது அதற்கு மேல் காந்தம் ஏற்காது. ஸ்கோப்பில் பல்ஸின் நடுவிலேயே சிக்னல் சரிந்து விழுவது தெரியும். கரண்ட் குறைவு என்று ஐசி நம்பி மாஸ்ஃபெட்டை ஆனிலேயே வைத்திருக்கும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பு ஈரம் கடிக்கும் இடம் செகண்டரி கம்பி பின்னில் சுற்றி ஈயம் வைத்த முனை. பச்சைக் களிம்பு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மீட்டர் சில ஓம் காட்ட வேண்டும், 2.2 கிலோ ஓம் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது, மீட்டர் பார்ப்பது பக்கத்து ரெசிஸ்டரை. கம்பி சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் கழற்றி எல்சிஆர் மீட்டரில் (இண்டக்டன்ஸ் அளக்கும் மீட்டர்) வையுங்கள். டேட்டாஷீட்டில் 2 மில்லிஹென்றி இருக்கும் சிடி 0.5 காட்டினால் ஃபெரைட் விரிசல் விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலே இதற்குப் போதும்.

மாட்டும்போது பிரைமரி பட்டை அகலமான செம்புத் தடத்தில் உட்காருவதால் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே மினுமினுப்பாக இருந்தாலும் அடியில் ஈயம் ஒட்டியிருக்காது. போர்டை 120 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றிவிட்டு ஹாட் ஏர் பிடியுங்கள். குளிர்ந்த போர்டில் நேராக 350 டிகிரி அடித்தால் ஃபெரைட் வெடிக்கும். ஃப்ளக்ஸை ஐபிஏவில் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) பிரஷ் கொண்டு கழுவினால் போதும், அல்ட்ராசோனிக் தொட்டி மெல்லிய கம்பிக்கு ஆகாது. உப்புக்கு அஞ்சி மேலே எபாக்சி ஊற்றுவதும் தப்பு: இறுகும்போது கோரை நெரித்து இண்டக்டன்ஸைக் குறைக்கும். மெல்லிய கோட்டிங் ஸ்பிரே போதும்.

அதே பாகம் கிடைக்காவிட்டால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் இன்புட் சோக்கில் இருக்கும் ஃபெரைட் வளையத்தில் 0.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை 100 சுற்றுங்கள். நடுத்துளை வழியே நல்ல இன்சுலேஷன் உள்ள பிரைமரி வயர் ஒரே தடவை. மஞ்சள்-வெள்ளை வளையம் வேண்டாம், அது இரும்புத்தூள், இண்டக்டன்ஸ் வராது.

எதைப் போட்டாலும் புள்ளி அடையாளம் முக்கியம். தலைகீழாக மாட்டினால் ஆன் நேரத்தில் டயோடு அடைத்துவிடும், ஐசிக்கு சிக்னலே போகாது. அதனால் முதல் தடவை ஆன் செய்யும்போது சீரீஸ் பல்பு (கரண்ட் வரும் வழியில் தொடராக மாட்டும் பல்பு) இல்லாமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.