பைப் வேலைக்காரர் டாம் ஃபின்னி

போன சனிக்கிழமை ராத்திரி கிச்சன் சிங்க் அடியில ஒரே ஒழுகல். சிங்கப்பூர் ஈசூன்ல இருக்குற பெரியப்பாவுக்குப் போன் போட்டேன், முப்பது வருஷம் பைப் வேலை பாத்த மனுஷன், கூப்ட்ட அரை மணி நேரத்துல ஸ்பேனரோட வந்து நின்னுட்டாரு. ஹால்ல டிவியில இங்கிலீஷ் லீக் ஃபுட்பால் மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு. சிங்க் அடியில படுத்துக்கிட்டே, "இங்கிலாந்துக்கே ஆடின பிளம்பர் ஒருத்தர் இருந்தாருடா, தெரியுமா"ன்னாரு. செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல வேலை பாத்த தாத்தா சொன்ன கதையாம். பெரியப்பா நல்லா ரீல் விடுவாருங்கிறதால உடனே போன்ல தேடிப் பாத்தேன்.

நெசம்தான். பேரு டாம் ஃபின்னி, 1922ல இங்கிலாந்துல பிரஸ்டன்ங்கிற ஊர்ல பொறந்தவரு. சின்ன வயசுலயே ஊரு கிளப்பு பிரஸ்டன் நார்த் எண்ட் கூப்ட்டிருக்கு, அவங்க அப்பா விடல, மொதல்ல பிளம்பிங் தொழிலக் கத்து முடி, அப்புறம் பந்து உதைன்னுட்டாரு (நம்ம ஊர் அப்பாக்கள் மாதிரியே). அப்புறம் போர் வந்துருச்சு, எகிப்து, இத்தாலின்னு பட்டாளத்துல போயிருச்சு நாலு வருஷம். லீக்ல மொத மேட்ச் ஆடும்போது வயசு 24. அதுக்கப்புறம்தான் 433 லீக் மேட்ச், 187 கோல், இங்கிலாந்துக்கு 76 மேட்ச்ல 30 கோல். லெஃப்ட், ரைட், சென்டர்னு எங்க நிறுத்துனாலும் ஆடுவாராம். ஆனா பெரிய கோப்பை ஒண்ணுகூட இல்ல, 1954 எஃப்ஏ கப் ஃபைனல் வரைக்கும் போயி தோத்துட்டாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சது 1952 கதையப் படிக்கும்போதுதான். இத்தாலில பாலர்மோ கிளப்பு, அதுக்குத் தலைவரு ஒரு இளவரசராம், கையெழுத்துப் போட்டா 10,000 பவுண்டு, மாசம் 130 பவுண்டு, வீடு, காரு எல்லாம் தர்றோம்னு கூப்ட்டாங்க. இங்கிலாந்துல வாரத்துக்கு 14 பவுண்டுதான், அதுக்கு மேல எந்த ஆட்டக்காரருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ரூலே இருந்துச்சு. கிளப்பு விட்டாத்தான் வேற கிளப்புக்கு ஆட முடியும், கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் அதே கதைதான். பிரஸ்டன் விடல. இவரும் சரின்னு பேசாம திரும்பி வந்து ஆடினாரு, பிளம்பிங் பிசினஸையும் விடல. 1960ல ரிட்டயர் ஆனாரு, அடுத்த ஜனவரியில அந்தச் சம்பள ரூலையே எடுத்துட்டாங்க, ஜானி ஹேன்ஸ்னு ஒருத்தரு வாரத்துக்கு 100 பவுண்டு வாங்கினாரு! என்ன நேரம்டா சாமி.

இதெல்லாம் சத்தமா வாசிச்சேன். "அப்ப பைப் வேலைக்கு எவ்ளோ வாங்குனாராம்?"னு கேட்டாரு பெரியப்பா. நான் தேடுறதுக்குள்ள டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுன்னுட்டாரு.

முடிச்சு எந்திரிச்சதும் சிலை போட்டோவக் காட்டுனேன். 1956ல தண்ணி தேங்கி நின்ன செல்சி மைதானத்துல அவரு சறுக்கும்போது எடுத்த படத்த வச்சு பிரஸ்டன்ல சிலை வச்சிருக்காங்க, சுத்தி நிஜமாவே தண்ணி பீச்சி அடிக்குது.

பெரியப்பா கண்ணாடியத் தூக்கிட்டு உத்துப் பாத்தாரு. "ஒரு பிளம்பருக்கு சிலை வச்சு அதுலயும் ஒழுக விட்டுட்டானுங்களே."