100 ரூபா ஊசி

இன்னிக்கு மும்பைல அத்தைய பரேலுக்கு செக்கப்புக்கு கூட்டிட்டு போனேன், தாராவியிலேர்ந்து டாக்ஸி. மார்பக கேன்சர் ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ரிப்போர்ட் கவர முந்தானையில சுத்தி மடியில வச்சுகிட்டு "திரும்ப வந்துருமாடா"ன்னு அதே கேள்விதான்.

வெயிட்டிங்ல உக்காந்து டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டர் ராஜேந்திர பட்வே டீம் 2023ல வெளியிட்ட ஆராய்ச்சிய படிச்சேன். பல்லு புடுங்கறப்ப மரத்துப்போக ஊசி போடுவாங்கல்ல, லிடோகெயின், அதையே மார்பக ஆபரேஷனுக்கு 7-10 நிமிஷம் முன்னாடி கட்டிய சுத்தி போட்டிருக்காங்க, 11 சென்டர், 1600 பொம்பளைங்க, அதுல சுமார் பாதி பேருக்குதான் ஊசி. கத்தி படுறப்ப கேன்சர் செல்லு நகர்ந்து பரவாம அது தடுக்கும்ங்கறதுதான் ஐடியாவாம். அஞ்சு வருஷம் கழிச்சு நோய் திரும்பாம நல்லா இருந்தவங்க ஊசி போடாதவங்கள்ல 82.6 சதவீதம், போட்டவங்கள்ல 86.6. செலவு 100 ரூபாய்க்குள்ள!! நாங்க வந்த டாக்ஸிக்கே அதுக்கு மேல ஆச்சுங்க.

4 சதவீதம்தானான்னு தோணும். நூறு வீட்டுல நாலு வீடு, யோசிச்சு பாருங்க.

அத்தைகிட்ட சொன்னேன். "எனக்கு போட்டாங்களா?"ன்னாங்க. தெரியல அத்தை, ஃபைல பாக்கணும்னேன். கவர என் கையில குடுத்துட்டு டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க, சக்கரை கம்மியா.