தண்ணீர் உரிமை கையில், பெர்மிட் யார் கையில்?

பினாங்கில் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீர். லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரிக்கிறார்கள். மலேசிய அரசியலமைப்பில் நிலமும் ஆறும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்க மேற்கில் அப்படியில்லை: தண்ணீர் உரிமையைத் தருவது மாநிலம், மலையும் காடும் பெரும்பாலும் மத்திய அரசுடையவை.

சிக்கல் அங்கேதான். கொலராடோ விவசாயிக்கு நூறாண்டுப் பழைய உரிமை இருக்கலாம். கால்வாயின் மதகு மத்திய அரசின் வனத்துறை நிலத்தில் இருந்தால், அந்த நிலத்தைப் பயன்படுத்த வனத்துறை தரும் பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது ‘இவ்வளவு நீரை ஆற்றிலேயே விடு’ என்று ஒரு வரி நுழையும். உரிமைப் பத்திரம் அப்படியே இருக்கும், வயல் காயும். 2011இல் தன் நிலத்தில் இயங்கும் பனிச்சறுக்கு நிறுவனங்களிடம் நீர் உரிமையையே மத்திய அரசின் பெயருக்கு வனத்துறை கேட்டது. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் கொண்டுவந்த விதி என்று 2012இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2015இல் வந்த புதிய விதியில் அந்தக் கோரிக்கை இல்லை. நியாயமான முடிவு.

பெர்மிட்டில் கையெழுத்திடும் முன் முன்னுரிமைத் தேதி (யாருக்கு முதலில் தண்ணீர் என்று தீர்மானிக்கும் தேதி), வினாடிக்கு எத்தனை கன அடி, எடுக்கும் இடம் மூன்றையும் உரிமைப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். காடு ஒதுக்கப்படும் முன்பே வெட்டிய கால்வாய்க்கு 1866 அமெரிக்கச் சட்டப்படி வழியுரிமை (அந்த நிலம் வழியே கால்வாய் ஓட்டும் உரிமை) இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் புதிய பெர்மிட்டில் கையெழுத்திடக் கூடாது.

பினாங்கின் செபராங் பிறையில் ஆற்றோரம் பம்பு வைப்பவர்களும் இரண்டு காகிதம் பார்க்க வேண்டும்: 1920 நீர்ச் சட்ட லைசென்ஸ், அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் லைசென்ஸ் (TOL). பின்னது அந்த ஆண்டின் டிசம்பர் 31ஐத் தாண்டாது. பிறர் பெயருக்கும் மாற்ற முடியாது.